25,000 ரூபா குற்றங்கள், வழக்கு, அனுமதிப்பத்திரம்: தரிப்பிட அறிவித்தலுக்குச் சரியான விபரம் தேவை

ஹட்டன்_தரிப்பிடம்:
எல்லாருக்கும் வணக்கம். ஆட்டோ தரிப்பிடத்திலும் தேயிலைக் கொழுந்து லொறி நிற்கும் இடத்திலும் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு அறிவித்தல் தயாரிக்கிறோம். பாரதூரமான வீதிக் குற்றங்களுக்கு என்ன தண்டனை, எது தபாலகத்தில் கட்டி முடிகிறது, எது நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதை ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சட்டம் தெரிந்தவர்களும் வண்டி தெரிந்தவர்களும் பிரிவு இலக்கத்தோடு சொன்னால் நல்லது. முக்கியமாக நான்கு விடயங்கள்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, வேகம், விபத்தில் ஆள் காயப்படுவது அல்லது இறப்பது.

சட்டக்கோவை:
முதலில் ஒரு பிரிப்பை அறிவித்தலின் தலையிலேயே போடுங்கள் தம்பி. பொலிஸ் கையில் தரும் தண்டப்பத்திரம் வேறு, நீதவான் நீதிமன்ற வழக்கு வேறு. இலங்கை மோட்டார் வாகனச் சட்டத்தின் 215அ பிரிவின் கீழ் வரும் சிறிய குற்றங்களுக்குத்தான் தண்டப்பத்திரம். நீங்கள் கேட்ட நான்கில், எல்லையைச் சிறிதளவு தாண்டிய வேகத்தைத் தவிர, மற்ற எதுவும் தபாலகத்தில் முடியாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம்தான் அடிப்படை. இப்போது பேசப்படும் பெரிய தொகைகள் 2019ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தவை. 2016 இறுதியில் 25,000 ரூபா என்று முதலில் அறிவித்தபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொகைதான் பிறகு சட்டத்துக்குள் வந்தது. முதல் தடவை குற்றத்துக்கு:

சாரதி அனுமதிப்பத்திரம் பெறாமல் ஓட்டினால் 25,000 முதல் 30,000 வரை. அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும், அவரைச் சாரதியாக வேலைக்கு வைத்தவருக்கும் அதே 25,000 முதல் 30,000. ரயில் கடவையில் விதியை மீறி நுழைந்தால் 25,000 முதல் 30,000. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் தண்டம் 25,000இல் தொடங்கும். மது அல்லது போதைப்பொருள் பாவித்து ஓட்டினால் 25,000 முதல் 30,000, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு அனுமதிப்பத்திரம் 12 மாதம் வரை இடைநிறுத்தப்படலாம்.

25,000 என்பது அடிமட்டத் தொகை. நீதவான் இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்கச் சட்டம் இடம் தராது. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 19 நாள் பேர், அதாவது 19 நாள் முழுச் சம்பளம். அறிவித்தலில் இந்தக் கணக்கையும் எழுதுங்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் உடனே விளங்கும்.

நானுஓயா_இறக்கம்:
சட்டக்கோவை அக்கா சொன்னதில் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். அனுமதிப்பத்திரம் வீட்டில் இருக்கிறது, கையில் இல்லை என்பது வேறு குற்றம். அது தண்டப்பத்திரத்தோடு முடியும் சின்ன விடயம். 25,000 வருவது அனுமதிப்பத்திரமே எடுக்காதவருக்கு. ஆட்டோவுக்கு B1 வகுப்பு வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு உரிய A மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் தங்களிடம் அனுமதிப்பத்திரம் இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். அந்த வகுப்புக்கு அவரிடம் அனுமதி இல்லை, விபத்து என்று வந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பதும் அதைத்தான். தோட்டத்து ட்ராக்டருக்கு G. பாரவண்டி அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை, சிறிய வண்டிக்கு 8 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். அட்டையின் திகதியைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.

வளைவு_முன்_ஹோர்ன்:
வேகத்தைப் பற்றி. 2019 திருத்தம் எல்லையை எத்தனை வீதம் தாண்டினோம் என்று பார்க்கிறது. 20 வீதம் வரை 3,000 முதல் 5,000. 20 முதல் 30 வீதம் வரை 5,000 முதல் 10,000. 30 முதல் 50 வரை 10,000 முதல் 15,000. 50 வீதத்துக்கு மேல் 15,000 முதல் 25,000.

சமவெளி ஆட்களை விட மலையகத்தில் நமக்கு இது கடுமையாக விழும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நகருக்கு வெளியே கார் எல்லை 70. அங்கே 84 வரை முதல் படி, 105ஐத் தாண்டினால்தான் கடைசிப் படி. ஆட்டோவுக்கு எல்லை 40. அப்படியானால் 48, 52, 60 என்று படிகள் சுருங்கிவிடும். 61இல் போன ஆட்டோவுக்குக் கடைசிப் படி. வளைவுக்கு முன் 25 என்று பலகை நட்ட இடத்தில் 38 போனாலே 50 வீதம் தாண்டிவிட்டது. இறக்கத்தில் 38 என்பது கால் தளர்ந்தாலே வந்துவிடும் வேகம். பொலிஸ்காரர் வேகமானியைக் காட்டும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த இடத்துக்கு எந்த எல்லையை எழுதுகிறார் என்றும் பார்க்க வேண்டும். வழக்கு நிற்பது அந்த இரண்டாவது எண்ணில்.

ஹட்டன்_தரிப்பிடம்:
38 கணக்கு நல்ல உதாரணம், அப்படியே போடுகிறோம். குடிப் பரிசோதனையின் நடைமுறையையும் யாராவது சொல்லுங்கள். பலூன் ஊத மறுத்தால் தப்பலாம் என்று ஒரு நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது.

சட்டக்கோவை:
அந்த நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். 151ஆம் பிரிவின்படி, சந்தேகம் வந்தால் மூச்சுப் பரிசோதனைக்கோ மருத்துவப் பரிசோதனைக்கோ உட்படுத்தப் பொலிஸுக்கு அதிகாரம் உண்டு. மறுத்தால் சாரதி மது அருந்தியிருந்தார் என்றே அனுமானிக்கப்படும். மறுப்பவர், தன் பக்கம் சான்றாக வரக்கூடிய ஒரே பொருளைத் தானே தூக்கி எறிகிறார்.

எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. வீதியில் தரும் கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறத் துகள் இருக்கும். மது பட்டால் பச்சையாகும், பச்சை குறியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். குழாய் முத்திரையோடு இருக்கிறதா, கண் முன்னால் உடைக்கிறார்களா என்று சாரதி பார்க்கலாம், கேட்கலாம். முடிவில் சந்தேகம் என்றால் உடனே சட்டவைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். அடுத்த நாள் கேட்டுப் பயனில்லை, உடம்பில் மது குறைந்துகொண்டே போகும்.

ஆள் காயப்பட்டால் கதை வேறு. மது போதையில் ஓட்டிக் காயம் ஏற்படுத்தினால் தண்டம் ஏறும், கடுங்காயம் என்றால் இன்னும் ஏறும். மரணம் ஏற்பட்டால் 100,000 முதல் 150,000 ரூபா வரை தண்டமும், 2 வருடத்துக்குக் குறையாத, 10 வருடத்துக்கு மேற்படாத சிறையும், அனுமதிப்பத்திரம் இரத்தும். சிறைக்கு அடிமட்டம் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

வளைவு_முன்_ஹோர்ன்:
"ராத்திரிதான் குடித்தேன், காலையில் தெளிந்துவிட்டது" என்பதற்கும் ஒரு வரி வேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் உடம்பு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கழிக்கும். நள்ளிரவில் 160 இருந்தவருக்கு 80க்கு இறங்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகும். தீபாவளிக்கு அடுத்த நாள் விடியற்காலையில் முதலாவது கொழுந்து லொறியை எடுப்பவர் இந்தக் கணக்குக்குள் அகப்படுவார். தேத்தண்ணி, தேசிக்காய், குளிப்பு எதுவும் அந்த 15ஐக் கூட்டாது.

நானுஓயா_இறக்கம்:
ரயில் கடவையும் சுருக்கமாக. மணி அடிக்கத் தொடங்கியதும், சிவப்பு விழுந்ததும், கேட் இறங்கத் தொடங்கியதும் நிற்க வேண்டும். கேட் பாதி இறங்கியிருக்கும்போது சுற்றி நுழைவதற்குத்தான் 25,000. கேட் இல்லாத தோட்டக் கடவைகளில் ஹெட்செட்டைக் கழற்றி, ரேடியோவைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மூடுபனி நேரத்தில் காது கேட்பதைத்தான் நம்ப முடியும்.

ஏர்பிரேக்:
விபத்துப் பகுதிக்கு நான் எழுதுகிறேன், பிரேக் சம்பந்தமாக. இங்கே அதிகம் பிழைபடுவது அதுதான்.

மரணம் ஏற்பட்ட வழக்குகளில் சாரதி வழக்கமாகச் சொல்வது "பிரேக் பிடிக்கவில்லை". மோட்டார் வாகனப் பரிசோதகர் அடுத்த நாள் வந்து பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கும். அறிக்கையில் "பிரேக் இயங்கு நிலையில் உள்ளது" என்று வரும். சாரதி பொய் சொன்னதாக ஆகிவிடும். பல நேரம் இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

காரணம் இதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. றம்பொடை, புசல்லாவ வழியாக அவ்வளவு உயரத்தையும் பிரேக்கிலேயே இறங்கினால் சூடு போக வழியில்லை. எண்ணெய் பிரேக் வண்டியில் பழைய பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டொட் 3 தரப் பிரேக் எண்ணெய் புதிதில் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140இலேயே கொதிக்கலாம். டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அதனால் பெடல் தரைவரை போகும். வண்டி நின்று இரண்டு மணி நேரம் ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி நிற்கும். காற்றுப் பிரேக் வண்டியில் எண்ணெய் கொதிப்பதில்லை. சக்கரத்தோடு சுழலும் ட்ரம் சூட்டில் விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங் கண்ணாடி போல் மினுங்கி, பிடிமானம் போய்விடும். அதுவும் ஆறினால் ஓரளவு திரும்பும்.

ஆனாலும் சில தடயங்கள் மிஞ்சும். ட்ரம்மில் நீல நிறம், மயிர் போன்ற வெடிப்பு, லைனிங்கில் மினுக்கம், எரிந்த வாடை, கருத்த எண்ணெய். வாக்குமூலம் கொடுக்கும்போது "பிரேக் இல்லை" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தக்கூடாது. எந்த இடத்திலிருந்து பெடல் மென்மையானது, அப்போது எத்தனையாவது கியர், எக்ஸோஸ்ட் பிரேக் (என்ஜின் புகையை அடைத்து வேகம் குறைப்பது) போட்டிருந்ததா, கைப்பிரேக் இழுத்ததா என்று சொல்ல வேண்டும். ட்ரம்மைக் கழற்றிப் பார்க்கும்படி பரிசோதகரிடம் உரிமையாளரோ சட்டத்தரணியோ கேட்க வேண்டும்.

இன்னொன்று, நியூட்ரல். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. என்ஜின் பிடிமானம் முழுதாகப் போய், எல்லாச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். என்ஜினையும் அணைத்தால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கான வெற்றிட உதவி இரண்டு மூன்று மிதியோடு தீரும், காற்றுப் பிரேக் வண்டியில் காற்றை நிரப்பும் கொம்ப்ரசர் நிற்கும். பரிசோதகர் கியர் கம்பி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எழுதுவார். அது நியூட்ரலில் இருந்தால், மோதலில்தான் கியர் நழுவியது என்று காட்டுவது மிகக் கடினம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், அல்லது அதற்கும் ஒன்று குறைவாக இறங்க வேண்டும். அறிவித்தலில் தண்டத் தொகையை விட இந்த வரி பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பது என் கருத்து.

சட்டக்கோவை:
ஏர்பிரேக் அண்ணன் சொன்னதன் சட்டப் பக்கம்: பிரேக் பழுது தானாக விடுதலை தராது. பழுது திடீரென வந்ததா, முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்துகொண்டிருக்க வேண்டியதா என்று நீதிமன்றம் பார்க்கும். காலையிலேயே பெடல் மென்மையாக இருந்ததாக நடத்துநர் சொன்னால் அதுவே கவனயீனம்.

ஒரே விபத்துக்குப் பல குற்றச்சாட்டுகள் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில், விபத்தைத் தவிர்க்கத் தவறியது 149, கவனயீனமாக ஓட்டியது 151(3), அபாயகரமாக ஓட்டியது 151(2). மரணம் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 298: கவலையீனமான செயலால் மரணம் விளைவித்தல், 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். கடுங்காயத்துக்கு 329. இவை ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்போது ஒன்றுக்குச் சம்மதித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு சாரதியின் கடமையைச் சொல்கிறது: நிற்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பக்கத்துப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். அம்பியூலன்ஸுக்கு 1990, இலவசம். பொலிஸுக்கு 119. கூட்டம் தாக்கும் என்ற பயம் இருந்தால் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் அதைக் காரணமாகப் பதிய வேண்டும். வீட்டுக்கோ லயத்துக்கோ (தோட்டக் குடியிருப்பு) போய் ஒளிந்தால் அது தப்பியோட்டம். ஆள் காயப்பட்ட விபத்தை வீதியோரத்தில் காசு கொடுத்துச் சமரசம் பண்ணி விடுவதும் கூடாது. இரவில் காயம் மோசமானால், அறிவிக்காத குற்றமும் சேர்ந்துவிடும்.

நானுஓயா_இறக்கம்:
பாதைத் தடையையும் சேருங்கள். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பாரவண்டிகளுக்கு அந்தக் குறுக்கு வீதி தடை. தடை தெரிந்தும் அதில் இறங்கிய லொறிக்கு விபத்து நேர்ந்தால் கவனயீனத்தை நிரூபிக்க வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது. அங்கே இறக்கம் செங்குத்து, நடுவில் ஆற வைக்கச் சமதரை இல்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் 20க்கு மேற்பட்டோர், செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்த பிறகும் குறுக்குவழி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மனதைச் சுடுகிறது.

ஹட்டன்_தரிப்பிடம்:
வாக்குமூலம் பற்றி அக்கா கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? சிங்களத்தில் எழுதியதில் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். தமிழில் கேட்கலாமா, கேட்டால் கோபப்படுவார்களா என்ற தயக்கம்.

சட்டக்கோவை:
கேட்கலாம், கேட்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். "ஐயா, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் எழுதுங்கள் அல்லது தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்" என்று மரியாதையாக, முதலிலேயே சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால், "தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்ற வசனத்தைக் கையெழுத்துக்கு மேலே தமிழில் தன் கையாலேயே எழுத வேண்டும். வேகம், தூரம், எந்தப் பக்கம் போனோம் என்ற மூன்றையும் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பெயர்ப்பில் பிழை வருவது இந்த மூன்றில்தான். பின்னால் நீதிமன்றத்தில் வேறுவிதமாகச் சொன்னால் இந்தத் தாளை எடுத்து முரண்பாடு காட்டுவார்கள்.

கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. வெளி மாகாண நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்தில் நடந்தாலும் அது பொருந்தும். குற்றச்சாட்டைத் தமிழில் கேட்டு விளங்கும்வரை குற்றவாளி என்றோ சுற்றவாளி என்றோ சொல்ல வேண்டாம். "ஒத்துக்கொண்டால் தண்டத்தோடு போய்விடலாம்" என்று வராந்தாவில் யாராவது சொல்வார்கள். சிறு குற்றத்துக்கு அது சரியாகவும் இருக்கலாம். 298க்கும் மது வழக்குக்கும் சட்டத்தரணி இல்லாமல் ஒத்துக்கொள்வது வேலையையே இழக்கும் வழி. ஒப்புதல் பதிவாகிவிட்டால் நட்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு அதைக் காட்டும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். தண்டத்தை ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் கால அவகாசம் கேட்கலாம், கேட்காமல் விட்டால் தண்டத்துக்குப் பதிலாகச் சிறைத்தண்டனை.

கொழுந்து_லொறி:
உரிமையாளர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். சாரதியை மட்டும் பயமுறுத்தும் அறிவித்தல் பாதி வேலை. மூன்றாந்தரப்புக் காப்புறுதி இருந்தாலும், அனுமதிப்பத்திரம் இல்லாதவரோ குடித்தவரோ ஓட்டியிருந்தால் கம்பனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் அறவிடலாம். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த ஆட்டோவை வாடகைக்கு ஓட்டினால் சொந்தச் சேதத்துக்குக் காசு கிடைக்காமல் போகலாம். "சும்மா ரோட்டு முனை வரைக்கும்" என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பவரும் 25,000 கட்டுபவர் பட்டியலில் வருகிறார். பிரேக் எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டு, லைனிங் வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டையும் வருமான அனுமதிப்பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்தால், ஏர்பிரேக் சொன்ன பிரச்சினையில் சாரதிக்கும் உரிமையாளருக்கும் அவைதான் துணை.

ஹட்டன்_தரிப்பிடம்:
பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன வழி? அடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால்?

சட்டக்கோவை:
நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. குற்ற வழக்கு இழுபட்டாலும் காலம் நிற்காது. வண்டி எதுவென்றே தெரியாத விபத்துக்கு வீதிப் பாதுகாப்பு தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் வேண்டும், முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

வளைவு_முன்_ஹோர்ன்:
தண்டப்பத்திரம் பற்றி விட்டுப்போனது ஒன்று. பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தரும் தாள் 14 நாளைக்குத்தான் தற்காலிக அனுமதி. அதற்குள் கட்டினால் அச்சிட்ட தொகை, 14க்கும் 28க்கும் இடையில் இரட்டிப்பு, அதற்குப் பிறகு வழக்கு. 15ஆம் நாளிலிருந்து அந்தத் தாளைக் காட்டி ஓட்டினால் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியதாக மறுபடி பிடிபடலாம். தபாலகத்துக்குப் போக முடியாதவர்களுக்கு 2025 முதல் கவ்பே (GovPay) என்ற அரசாங்க இணையக் கட்டண முறை வழியாகக் கைத்தொலைபேசியில் கட்டும் வசதி வந்திருக்கிறது. கட்டிய ரசீதைக் காட்டிவிட்டு அட்டையைக் கையில் வாங்கும்வரை அந்தத் தாளைத் தொலைக்க வேண்டாம்.